ஆனைக்கல் மூழ்க வேண்டும்

வானிலையை ஒழுங்காகப் படிக்கிறவன் பயந்தவன்தான். தைரியசாலி குடைகூட எடுக்காமல் வெளியே போய்விடுவான். ஒரு காலத்தில் எங்கள் ஆறான பதுளை ஓயாவின் நீர்மட்டம், நமுனுகலை மலையில் கட்டும் மேகம், கார்த்திகை மழையின் கோபதாபம் எல்லாம் எனக்கு மனப்பாடம். அப்படியானால் நான் எந்த அளவுக்கு நடுங்கிக்கொண்டிருந்தேன் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வாய். அது என் முகத்தில்தான் இருக்கிறது.

என் மகள் நிரோஷா கொழும்பில் வேலை செய்துகொண்டிருந்தாள். அதே அலுவலகத்தில் பிரதீப் என்று ஒரு பையன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், விஷயம் பெரியவர்கள் வரை வந்து, பையனும் அவன் அப்பாவும் ஹாலிஎலயில் இருக்கிற எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு அம்மா இல்லை. ஆகவே ஆம், இல்லை எல்லாம் அந்த அப்பாவின் கையில்தான். பூர்வீகம் ஹட்டன் பக்கம். கொழும்பில் ஹார்ட்வெயார் கடை. கறுகறு என்று பெரிய மீசை. நாங்கள் அன்றைக்கே "சம்பந்தி, சம்பந்தி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். (நிச்சயமே ஆகவில்லை. அவசரம் எனக்குத்தான்.)

சம்பந்திக்கு ஒரே ஒரு கொள்கை. அதைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

"இதுக்கு முந்தி ஒரு எடம் முடிவாகிற மாதிரி வந்துச்சுங்க. பொண்ணோட அப்பா, 'நான் தண்ணியே தொட மாட்டேன்'னு சொன்னாரு. அடுத்த கெழமையே அந்தாளு பார்ல இருந்து வெளிய வர்றத என் கண்ணால பாத்தேன். குடிச்சதுக்காக இல்லீங்க, குடிக்கட்டும். பொய் சொன்னாரு பாருங்க, அதுக்காக வேணாம்னுட்டேன். பொய் எனக்கு ஒத்துக்காது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மிக நேர்மையாக பிஸ்கட்டைக் கடித்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பிரதீப் பேச்சை மாற்றினான். பையனுக்கு வெள்ளம் பாயும் ஆற்றில் ரப்பர் படகு வலிப்பதில் பைத்தியம். தெமோதரைக்குக் கீழே யாரோ படகு விடுவதாகக் கேள்விப்பட்டிருக்கிறான்.

"அங்கிள் இந்தப் பக்கத்து ஆளுதானே? ஆத்துல எல்லாம் எறங்கியிருப்பீங்க?"

ஆம், இல்லை என்று முடித்திருக்க வேண்டிய கேள்வி. என் வாய் அதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஓடியே போய்விட்டது.

"எறங்கியிருக்கேனாவா? தம்பி, சின்ன வயசுல நான் இந்த ஓயாவுல மொதலை மாதிரி கெடந்தவன்!"

உண்மை என்னவென்றால் நான் பிறந்து வளர்ந்தது தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில். குளிப்பதெல்லாம் பீலியில். மலையிலிருந்து வரும் தண்ணீரைத் தகரத்தில் ஏந்தி ஒழுகவிட்டிருப்பார்கள். கீழே நின்று தலையைக் காட்ட வேண்டியதுதான். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறாது. அதில் எங்கே நீச்சல் பழகுவது? ஓயாவை நான் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அதுவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

சம்பந்தி மீசையைத் தடவினார். "அப்ப நல்லதாப் போச்சு. நிச்சயத்துக்கு முந்தி எல்லாருமா ஒரு நாள் படகுல போவோம். எந்த நாள்னு நீங்களே பாருங்க. தண்ணியத் தெரிஞ்ச ஆளு."

அவர்கள் போனதும் என் மனைவி கமலா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஏங்க, பாத்ரூம்ல சோப்பு நுரை கண்ணுல பட்டாலே தெரு முழுக்கக் கேக்குற மாதிரி கத்துற ஆளு நீங்க. மொதலையா?"

நிரோஷா அழுகிற மாதிரி இருந்தாள். "அப்பா, இப்பவே போன் எடுத்து உண்மையச் சொல்லிருங்கப்பா."

"சொன்னா? அந்த மனுசன் பொய்யின்னா எந்திரிச்சிப் போயிருவாரும்மா. அப்புறம் பிரதீப்?"

அவள் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சொன்னால் சம்பந்தம் போகும். படகில் ஏறினால் சம்பந்தத்தோடு நானும் போய்விடுவேன்.

இரண்டு நாள் யோசித்து ஒரு திட்டம் பிடித்தேன். பயணம் நடக்கக் கூடாது. ஆனால் வேண்டாம் என்று நான் சொல்லக் கூடாது, ஆறு சொல்ல வேண்டும். நான் துடுப்பும் கையுமாகத் தயாராக நிற்க, "இன்னைக்குச் சரிவராது" என்று ஆறே எங்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குத் தோதான ஒரு கெட்ட நாளைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் படகுப் பயணத்துக்கு நல்ல நாள் தேடுவார்கள். அதைக் கெடுப்பதற்காக ஓர் ஆற்றையே படித்த மனிதன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

படகு விடுகிறவன் பெயர் சமிந்த. ஹாலிஎலப் பையன், சிங்களவன். தோட்டத்துப் பையன்களோடு பந்து விளையாடிப் பழகிய தமிழ். நான் போய் விஷயத்தைச் சொன்னதும் (பாதி விஷயத்தைத்தான்) உற்சாகமாகிவிட்டான். கரையில் உட்கார வைத்துப் பாடமே எடுத்தான்.

"அங்கிள், அந்தா தெரியுது பாருங்க, ஆனை படுத்த மாதிரி கல்லு. அதுட முதுகு ஒரு சாண் வெளிய தெரியணும். அப்ப போகலாம். ஆனை முழுசா வெளிய வந்தா தண்ணி பத்தாது, படகு கல்லுல உரசும். ஆனை முங்கிட்டா போகவே ஏலாது. ஆபத்து."

"முங்கிட்டா என்னா ஆனாலும் போக மாட்டீங்கதானே?" என்று கேட்டேன், உறுதிப்படுத்திக்கொள்ள.

"போகவே மாட்டேன் அங்கிள்."

கடவுளே வந்து பேசிய மாதிரி இருந்தது.

அடுத்தது தண்ணீரின் நிறம். பச்சையாக இருந்தால் தங்கம். பால் போடாத பிளேன்டீ நிறமென்றால் பார்த்துப் போகலாம். பால்டீ நிறமென்றால் மேலே எங்கோ மண் கரைகிறது, படகைக் கரையேற்றிவிட வேண்டும். மூன்றாவது நமுனுகலை. அதன் தலையில் காலையிலேயே கறுப்புத் தொப்பி ஏறிவிட்டால் பகலில் இடி, பின்னேரம் வெள்ளம். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை சத்தம் போடாமல் இறங்கி வந்துவிடும்.

நான் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டேன். எனக்கு வேண்டியது முங்கிய ஆனை, பால்டீ, கறுப்புத் தொப்பி. இந்த மூன்றும் சேர்ந்த சனிக்கிழமை.

முதல் இரண்டு மாதம் பிரச்சினையே இல்லை. அது ஆவணியும் புரட்டாசியும். கச்சான் என்கிற வறண்ட காற்று எங்கள் ஊவா மாகாணத்தையே துணி மாதிரி உலர்த்திக்கொண்டிருந்தது. ஓயாவில் ஆனை மட்டுமல்ல, அதன் குட்டிகள், கொள்ளுப்பேரக் குட்டிகள் எல்லாம் வெளியே படுத்திருந்தன. கொழும்புக்குப் போன் போட்டு, சோகக் குரலில் பேசினேன். "என்னா செய்ய சம்பந்தி, தண்ணி இல்ல. கையெல்லாம் அரிக்கிது எனக்கு."

ஐப்பசி பிறந்ததும் என் சந்தோஷம் முடிந்தது. முதல் மழைக்கே ஆனை இடுப்பளவு இறங்கிவிட்டது. சமிந்த போன் போட்டான்: "அங்கிள், தண்ணி வந்திட்டு! இப்ப ஃபர்ஸ்ட் கிளாஸ்!" நான் பதுளை டவுனில் ஒரு சின்னப் போன் கடை வைத்திருக்கிறேன். தீபாவளி வியாபாரம், கடையை விட்டு நகர முடியாது என்று சொல்லிவிட்டேன். (அந்தத் தீபாவளிக்கு இரண்டு சார்ஜரும் ஒரு போன் கவரும்தான் விற்றேன்.)

பிறகு மெல்ல நாளைக் குறித்தேன். கார்த்திகை நடுவில், போயா என்கிற பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்த சனிக்கிழமை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த வாரத்தில் எங்கள் பக்கம் காயப்போட்ட துணி காய்ந்ததே கிடையாது. சமிந்தவே தயங்கினான்.

"அந்த நேரம் சில நாள் சரிவராது அங்கிள்."

"பரவால்ல தம்பி. வந்தா வரட்டும்" என்றேன், பெரிய வீரன் போல.

அன்றிலிருந்து தினமும் காலையில் கடை திறக்கும் முன் மோட்டார் சைக்கிளில் போய் ஆனைக்கல்லைப் பார்த்துவிட்டு வருவேன். சமிந்த நெகிழ்ந்துபோனான். "எத்தனையோ பேர் வாராங்க அங்கிள். சும்மா வந்து ஏறுவாங்க. உங்கள மாதிரி பிளான் பண்ற ஆள நான் பாத்ததே இல்ல." பாவம்.

குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பு ஆனை முங்கியது! இருந்த இடத்தில் ஒரு சுழிப்பு மட்டும். தண்ணீர் நல்ல பால்டீ, சீனி தூக்கலாகப் போட்டது போல. அன்று மாலை கடையிலிருந்து வரும்போது கால் கிலோ மஸ்கட் இனிப்பு வாங்கி வந்தேன். எதற்கென்று கமலா கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

ஆனால் கடைசி வாரம் வானம் துரோகம் செய்தது. மழை சட்டென்று நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை ஆனையின் முதுகு ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது. சரி, இங்கே பெய்யாவிட்டால் என்ன, மேலே பெய்தால் போதுமே. மேலே என்ன நடக்கிறது என்று யாரிடம் கேட்பது?

கமலாவின் தங்கை வசந்தா மேல் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். அந்த மலைத் தண்ணீர் முழுக்க எங்கள் ஓயாவுக்குத்தான் வருகிறது. ஆனால் "மழையா?" என்று கேட்டால் பிரயோசனமில்லை. தோட்டத்து ஆட்கள் முழங்கால் வரை தண்ணீர் ஓடும்போதுகூட, மழைக்குப் போர்த்தும் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு, "சும்மா தூத்தல்தான்" என்பார்கள். எனக்கு ஓர் அளவு வேண்டும்.

அப்போதுதான் என் மூளையில் அது பளிச்சிட்டது. கொழுந்து நிறுக்கும்போது, இலை நனைந்திருந்தால் அதிலிருக்கும் தண்ணீருக்கென்று சில கிலோவைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் அவரவர் பேரில் எழுதுவார்கள். கழிவு கூடினால் இலையில் தண்ணீர் கூட. இலையில் தண்ணீர் கூட என்றால் மழை கூட. இப்படி ஒரு மழைமானி எந்த வானிலைக்காரனிடம் இருக்கிறது? என்னை நானே முதுகில் தட்டிக்கொள்ளப் பார்த்தேன். கை எட்டவில்லை.

புதன் பின்னேரம் போன் போட்டேன்.

"வசந்தா, இன்னைக்குத் தண்ணிக்கு எத்தன கிலோ கழிச்சாங்க?"

"நாலு கிலோ மச்சான். வயித்தெரிச்சலக் கெளப்பாதீங்க."

"நாலா? நல்லது, நல்லது!"

"என்னது, நல்லதா?" போன் பட்டென்று வைக்கப்பட்டது.

வியாழனும் நாலு. வெள்ளிக்கிழமை அஞ்சு! நான் கடைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். மேலே வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. அந்த வெள்ளம் இறங்கி வர இரண்டு மூன்று நாளாவது பிடிக்கும், அதனால்தான் ஆனை இன்னும் தெரிகிறது. சனிக்கிழமை காலை ஆனை மூன்று முழத் தண்ணீருக்குள். முடிந்தது கதை.

இப்படி ஒரு நிம்மதி வந்துவிட்டால் என்னைப் போன்ற ஆளுக்கு வாய் இன்னும் அகலும். உடனே சம்பந்திக்குப் போன் போட்டேன்; அவர் அப்போது ரயிலில் வந்துகொண்டிருந்தார்.

"சம்பந்தி! நாளைக்கு நான் முன் சீட்டு. நீங்க எனக்குப் பக்கத்துல. அந்த லைஃப் ஜாக்கெட் எல்லாம் போடுறவங்க போடட்டும், எனக்குத் தேவப்படாது."

"வானம் எப்பிடி இருக்குங்க அங்க?" என்று கேட்டார்.

"வானம் கெடக்கு! நம்ம ரெடி."

"இல்ல, மழை கிழை பெஞ்சிச்சின்னா..."

"பெஞ்சா என்னா சம்பந்தி, நான் இருக்கேன்ல?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. என் வீரத்தைக் கண்டு வியக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலையே அப்பாவும் மகனும், அவர்களோடு நிரோஷாவும் வந்து இறங்கினார்கள்.

சனிக்கிழமை காலை வேனில் போகும்போது நான்தான் பாட்டுப் பாடினேன். கரையில் இறங்கி, முகத்தைச் சோகமாக மாற்றுவதற்குத் தயாராக வைத்துக்கொண்டு, ஓயாவைப் பார்த்தேன்.

ஆனையின் முதுகு வெளியே இருந்தது. ஒரு சாண். அளந்து வைத்த மாதிரி. அதன் மேல் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. தண்ணீர் பச்சைக் கண்ணாடி. நமுனுகலை தலையில் தொப்பியும் இல்லை, துண்டும் இல்லை, மொட்டையாக நின்று என்னைப் பார்த்தது.

சமிந்த ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். எல்லோருக்கும் கேட்க, "வருசத்துக்கே நாலஞ்சு நாள்தான் இப்பிடி அமையும். ஒரு மாசத்துக்கு முந்தியே எப்பிடி அங்கிள் கண்டுபிடிச்சீங்க?" என்றான்.

பிரதீப் கைதட்டினான். சம்பந்தி மட்டும் எச்சிலை விழுங்கிவிட்டு, "கெட்டிக்காரருதான்" என்றார்.

"ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு வேனுக்குப் பின்னால் போய் வசந்தாவுக்குப் போன் போட்டேன்.

"அடியே, அஞ்சு கிலோ கழிச்சாங்கன்னு சொன்னியே?"

"ஆமா, கழிச்சாங்க."

"அப்ப மழை எங்க?"

"மழையா? ஒரு கெழமையா இங்க சுள்ளுன்னு வெயிலு. கொழுந்தெல்லாம் காஞ்சி கெடக்கு."

"பின்ன தண்ணிக்கு எதுக்குக் கழிச்சாங்க?"

அவள் சிரித்த சிரிப்பில் போன் சூடாகிவிட்டது. "எப்ப மச்சான் கழிக்காம விட்டாங்க? மழைக்கும் கழிப்பாங்க, வெயிலுக்கும் கழிப்பாங்க. லயத்துல பொறந்துட்டு இது தெரியாதா உங்களுக்கு? டவுன்ல கடை வச்சோன்ன மறந்து போச்சாக்கும்!"

போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன். சட்டைப் பை துடித்தது. போன் இல்லை, நெஞ்சு.

திரும்பி வந்தபோது எல்லோரும் ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் மாட்டி முடித்திருந்தார்கள். நானும் ஒன்றை எடுத்தேன்.

"ஜாக்கெட் வேணாம்னீங்களே?" என்றார் சம்பந்தி.

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல சம்பந்தி. நம்மளே மீறக் கூடாது." பிறகு சமிந்தவின் காதில், "தம்பி, இன்னும் கொஞ்சம் இறுக்கு. இன்னும். இன்னும் கொஞ்சம்" என்றேன். பட்டியை இழுத்து இழுத்துக் கடைசியில் மூச்சு, வெளியே போனது திரும்பி உள்ளே வர வழியில்லாமல் நின்றது.

கமலா படகில் ஏறாமல், சாப்பாட்டுப் பார்சல்களோடு வேனில் கீழ்க் கரைக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள். அவளுடைய வழியனுப்பு இதுதான்: "போய்ட்டு வாங்க. மொதலைக்குக் கோழிக்கறி வச்சிருக்கேன்."

முன்னால் இடது பக்கம் நான், வலது பக்கம் சம்பந்தி. நடுவில் நிரோஷாவும் பிரதீப்பும். பின்னால் சமிந்த. அவன் "முன்னுக்கு!" என்றால் எல்லோரும் முன்னால் வலிக்க வேண்டும். "பின்னுக்கு!" என்றால் பின்னால். "குனிங்க!" என்றால் படகுக்குள் குனிந்துவிட வேண்டும். எளிமையான மூன்று சொல். எனக்கு மூன்றும் ஒரே சொல்லாகத்தான் கேட்டது. "செத்தே!"

முதல் இறக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். துடுப்பு என்னவோ சுழன்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் தண்ணீரைத் தொடவில்லை, காற்றில்தான். இரண்டாவது இறக்கத்தில் தண்ணீரைத் தொட்டது. எல்லோரும் முன்னுக்கு வலிக்க, நான் மட்டும் பின்னுக்கு. படகு கரகாட்டம் ஆடிவிட்டு, வந்த வழியைப் பார்த்து நின்றது. "அங்கிள் பழைய ஸ்டைல்ல வலிக்கிறாரு" என்றான் பிரதீப், நல்ல பிள்ளை. சம்பந்தியைப் பார்த்தேன். துடுப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி, மீசை மட்டும் அசைய எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அனுபவஸ்தர்கள் அப்படித்தான் நிதானமாக இருப்பார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாவது இறக்கத்துக்கு சமிந்த வைத்திருக்கும் பெயர் சட்டி. இரண்டு பாறைக்கு நடுவில் தண்ணீர் விழுந்து, கொதிக்கிற மாதிரி நுரைக்கும். அதைத் தாண்டியதும் பெரிய அமைதியான தேக்கம். "குனிங்க!" என்று அவன் கத்த, நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. விழப்போகும் நேரத்தில் பக்கத்தில் இருந்ததைப் பிடித்தேன். இருந்தது சம்பந்தியின் கை. (இல்லை, அவர்தான் என் கையைப் பிடித்தார் என்பது என் கட்சி. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.) இரண்டு பேரும் ஒன்றாகப் போனோம்.

மூக்கு, காது, வாய் என்று எல்லா வாசலிலும் பதுளை ஓயா உள்ளே வந்தது. பிறகு மேலே வந்தேன். ஜாக்கெட் என்னைப் பூசணிக்காய் மாதிரி மிதக்கவிட்டிருந்தது. மூழ்க வேண்டும் என்று நானே ஆசைப்பட்டிருந்தாலும் நடந்திருக்காது. தேக்கத்தில் அலையே இல்லை. படகு நாலு முழம் தள்ளி நின்றது. "அங்கிள், கால மேல தூக்கிட்டுச் சும்மா மிதங்க!" என்று சமிந்த சொல்லிக்கொண்டிருந்தானாம். எனக்கு எங்கே அது கேட்டது? நான் செத்துக்கொண்டிருந்தேன். சாகிறவன் எதையும் பாக்கி வைக்கக் கூடாது என்று எனக்குள் யாரோ சொன்னார்கள்.

"சம்பந்தி! எனக்கு நீச்சல் தெரியாது!" என்று கத்தினேன். "மொதலை பொய்யி! நான் ஆத்துல எறங்கினதே இல்ல! மழை வந்து இந்தப் பயணம் நிக்கணும்னு ரெண்டு மாசமா வேண்டிக்கிட்டிருந்தேன்!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் மடை திறந்துவிட்டது.

"நீங்க வந்தன்னிக்கு வாசல்ல நின்ன கார் எங்களோடது இல்ல! பக்கத்து வீட்டுக்காரரோடது! எம் பொண்ணு செஞ்சதுன்னு இனிப்புக்குக் குடுத்த வட்டிலப்பம் பதுளை பஸார்ல முஸ்லிம் காக்கா கடையில வாங்கினது! அவளுக்கு முட்டை பொரிக்கக்கூட வராது!"

"அப்பா!" என்று படகிலிருந்து ஓர் அலறல்.

தேக்கத்துக்கு மேலே இரண்டு பக்கமும் தேயிலை மலை. அந்த இடத்தில் மெல்லப் பேசினாலே எதிரொலிக்கும். சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டு, கூடையோடு வரிசையாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, இன்னும் ஏதும் இருக்கா?" என்று ஒருத்தி மேலிருந்து கேட்டாள்.

பதில் என்னிடமிருந்து வரவில்லை. பக்கத்தில் மிதந்த மற்றப் பூசணிக்காயிடமிருந்து வந்தது.

"எனக்கும் நீச்சல் தெரியாது சம்பந்தி!"

திரும்பிப் பார்த்தேன். அவர் மீசையிலிருந்து கறுப்பாக ஒரு கோடு தாடை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"கொழும்புல ஒக்காந்து ஒரு மாசமா போன்லயே வானத்தப் பாக்குறேன்! இன்னைக்கு இடி மழைன்னு காட்டுச்சு! அத நம்பித்தான் ரயில் ஏறினேன்! நீங்களாச்சும் வேணாம்பீங்கன்னு பாத்தா, முன் சீட்டுங்குறீங்க, ஜாக்கெட் வேணாங்குறீங்க!" ஒரு வாய் தண்ணீரைத் துப்பினார். "அந்தாளு பார்ல இருந்து வந்தத நான் எப்பிடிப் பாத்தேன் தெரியுமா? நானும் உள்ளதான் ஒக்காந்திருந்தேன்!"

பிரதீப் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

சமிந்த எங்கள் இருவரையும் ஜாக்கெட் பட்டியைப் பிடித்து ஒவ்வொருவராகப் படகுக்குள் இழுத்துப் போட்டான். கரை வரும்வரை சமிந்த மட்டும்தான் வலித்தான். நிரோஷா தலையைக் குனிந்துகொண்டு விரல் நகத்தைப் பார்த்தபடி இருந்தாள். அதுவரை நான் பட்டது பயம். இப்போது வந்தது வேறு. ஒரு வாயைப் பூட்டி வைக்கத் தெரியாமல் பிள்ளையின் வாழ்க்கையை ஓயாவில் விட்டுவிட்டேனே என்று இருந்தது.

கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து சம்பந்தி சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"அவ ஒரு பொய்யும் சொல்லலீங்க. அன்னிக்கே உண்மையச் சொல்லிரச் சொன்னா. எல்லாம் என் வாய். அவள ஒண்ணும் நெனச்சிக்காதீங்க."

அவர் சட்டையை உதறினார். உதறி, மடித்து, மறுபடியும் உதறினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சம்பந்தி, தண்ணிக்குள்ள நான் சொன்னத வெளிய யாருக்கும் சொல்லிராதீங்க. நீங்க சொன்னத நானும் சொல்ல மாட்டேன்" என்றார்.

"நாங்க சொல்லுவோம் ஐயா!" என்று சரிவிலிருந்து கூட்டமாக ஒரு குரல் வந்தது.

முதலில் சிரித்தது சம்பந்திதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கல்லிலிருந்து வழுக்கி விழுகிற அளவுக்குச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் நிரோஷா தலையை நிமிர்த்தினாள். கோழிக்கறிச் சோற்றை முடித்த கையோடு, அதே கரையிலேயே நிச்சயத்துக்கு நாள் பேசினோம். இந்தத் தடவை நாள் பார்த்தது நான் இல்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

அந்தப் பெண்கள் சொன்னதைச் செய்தார்கள். என் கால்சட்டை காயும் முன்பே கதை ஹாலிஎல தாண்டி, பஸ் ஏறி, பசறை வரைக்கும் போய்விட்டது. திங்கட்கிழமை கடையைத் திறந்தபோது முதல் வாடிக்கையாளர் போனுக்குக் கவர் கேட்கவில்லை, "அந்த வட்டிலப்பம் எந்தக் கடை?" என்றுதான் கேட்டார். கல்யாணத்தில் ஒரு பெரியவர் சம்பந்தியிடம், "பொண்ணு வீட்ட நல்லா விசாரிச்சீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "நாங்க ஒண்ணும் விசாரிக்கல. எல்லாத்தையும் ஆறே விசாரிச்சிக் குடுத்திருச்சி" என்றாராம் இவர்.

சமிந்தவுக்கு மட்டும் என் மேல் இருக்கிற மரியாதை குறையவே இல்லை. இன்றைக்கும் பெரிய குழு வருகிறதென்றால், "அங்கிள், எந்த நாள் எடுக்கட்டும்?" என்று போன் போடுவான். மிக மோசமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிற நாளைச் சொல்லுவேன். இதுவரை ஒன்றும் தப்பியதில்லை, எல்லாமே ஃபர்ஸ்ட் கிளாஸ் நாள்.

வீட்டில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. யாராவது எதையாவது மறைக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் போதும். சீனிப் போத்தல் காலியானதற்கு என் பேரன் "நான் இல்ல" என்றால் நிரோஷா கேட்பாள், "ஆத்துல எறக்கவா?" சம்பந்தி மீசைக்கு இப்போது டை அடிப்பதில்லை என்று சொன்னால் பிரதீப் கேட்பான், "அப்பா, ஆத்துல எறக்கவா?" கமலா என்னைப் பார்த்து ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

அவள் கேட்கும்போதெல்லாம் நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துவிடுவேன். ஆனால் அன்றைக்கு மூச்சுப் போதாமல், தண்ணீருக்குள் சொல்லாமல் விட்டது ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. கொஞ்சம் பெரியது. கமலா சம்பந்தப்பட்டது. ஆகவே, தண்ணீரைக் கண்டதும் வாய் திறந்துகொண்டுவிடுமோ என்று, ஓயாவைக் கடக்கும்போது நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவதே இல்லை.